கிழக்குச் சுவரில் நாலு அலுமாரி

எங்கள் ஊரில் யாருக்கும் வடக்குத் தெற்கு தேவைப்பட்டதில்லை. கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவில் பெரிய றோட்டு. வடக்கு என்றால் கல்முனை, தெற்கு என்றால் காரைதீவு. பள்ளிவாசலுக்குக் கடல்பக்கம் நாலாவது வீடு என்று சொன்னால் புதிதாக வந்த தபால்காரரும் கண்டுபிடித்துவிடுவார். அப்படிப்பட்ட சாய்ந்தமருதில் நான் வீட்டுப் படம் கீறிப் பிழைத்தேன். படித்த பொறியியலாளன் அல்ல. ஒரு அரசாங்கக் கந்தோரில் படம் கீறுபவருக்குப் பென்சில் சீவிக் கொடுத்துக்கொண்டிருந்தவன். அவர் இடமாற்றம் கிடைத்துப் போனார், பென்சில்கள் என்னிடம் தங்கிவிட்டன. ஊர் என்னை இஞ்சினியர் என்று கூப்பிடத் தொடங்கியது. மறுத்துப் பேசுவது மரியாதை இல்லை என்று விட்டுவிட்டேன்.

படத்தின் மூலையில் வடக்கைக் காட்டும் அம்புக்குறி இருக்க வேண்டும் என்பது விதி. நானும் போட்டேன். எந்த மேசனும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருவர் மட்டும் அது மீன்முள் என்று நினைத்து, குசினி இந்தப் பக்கம்தானே என்று கேட்டார். அதற்குப் பிறகு தாளின் வலது ஓரத்தில் மூன்று அலைக்கோடுகள் கீறத் தொடங்கினேன். அதுதான் கடல். மேசன்மார் அலைகளைக் கடல்பக்கம் பிடித்துத் தாளைத் தரையில் விரிப்பார்கள், காற்றில் பறக்காமல் மூலைக்கு ஒரு கல் வைப்பார்கள், நூல் கட்டத் தொடங்கிவிடுவார்கள். என் தொழில் வாழ்க்கையில் நானாகக் கண்டுபிடித்தது அந்த மூன்று கோடுகள் மட்டும்தான்.

அவர்கள் பார்க்கும் இன்னொரு அடையாளம் கக்கூஸ். எங்களுக்குத் தொழும் திசை, கிப்லா, மேற்கே. கிப்லாவுக்கு முகத்தையோ முதுகையோ காட்டி அங்கே உட்காரக் கூடாது. ஆகவே கக்கூஸ் கோப்பையை வடக்குத் தெற்காகத்தான் பதிக்க வேண்டும். பாண்டிருப்பிலிருந்து எங்கள் ஊருக்கு வேலைக்கு வரும் தமிழ் மேசன்மாருக்கும் இது மனப்பாடம். அலையும் கோப்பையும் சரியாக இருந்தால் வீடு சரி. அதற்கு மேல் யாரும் என்னிடம் கணக்குக் கேட்டதில்லை.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. உம்மா வாப்பா மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பார்கள், மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். நானும் அப்படி ஒரு சூட்கேசோடும் படம் கீறும் ஒரு மரச் சட்டத்தோடும் வந்து இறங்கியவன்தான். மனைவியின் வீடு கடலிலிருந்து மூன்றாவது தெருவில் இருந்தது. வந்த வருசமே என் கெட்டித்தனத்தைக் காட்ட வேண்டும் என்று குசினிச் சுவரை உடைத்து, கடலைப் பார்த்து அகலமான ஒரு ஜன்னல் வைத்தேன். மாமி ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை. சுவரை உடைத்தது அவவுக்குப் பெரிய விசயமில்லை, உடைத்த கல் அவவுடைய முட்டைக் கோழியின் மேல் விழுந்ததுதான் குற்றம். ஆனால் மனைவிக்கு அந்த ஜன்னல் பிடித்துவிட்டது. அதனடியில் நின்று மீன் கழுவுவாள். தோணி கரைக்கு வரும் விதத்தைப் பார்த்தே இன்றைக்கு மீன் மலிவா விலையா என்று சொல்லிவிடுவாள்.

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நான் அக்கரைப்பற்றில் ஒருவருடைய கடைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தேன். மனைவியும் மகளும் ஓடித் தப்பினார்கள். அடுத்த வளவில் இருந்த மனைவியின் ராத்தா, அவளுடைய அக்கா, தப்பவில்லை. வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும் கிடந்தது. அந்த ஜன்னலின் மரநிலையை இரண்டு தெரு தள்ளி ஒரு தென்னையடியில் கண்டேன். கண்டும் காணாததுபோல் வந்துவிட்டேன்.

அந்தக் காலையைப் பற்றி அவள் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. ஒன்று மட்டும் சொன்னாள்.

"இனிக் கடல்பக்கம் ஜன்னல் வச்ச வீட்டுக்குள்ள நான் கால் வைக்க மாட்டன்."

ஏன் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அந்த ஜன்னலை வைத்தவன் நான் அல்லவா?

ஊரிலும் அதே கதைதான். புதிதாக வீடு கட்ட வந்தவர்கள் எல்லாரும் கிழக்கே மூடிய சுவர் கேட்டார்கள். நானும் மூடிக் கொடுத்தேன். ஒரு மனிசர் என் படத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, வலது ஓரத்து அலைகளைப் பெருவிரலால் மறைத்துப் பிடித்தபடியே மற்ற அறைகளைப் பற்றிக் கேட்டார். அன்றைக்கு அவர் போன பிறகு அழிறப்பரை எடுத்து அந்தக் கோடுகளை அழித்தேன். பிறகு எந்தப் படத்திலும் போடவில்லை.

கடலுக்கு முதுகைக் காட்டிய வீடுகள் வரிசையாக எழும்பின. பகலில் உள்ளே நிற்க முடியாது. ஒரு பெண் தன் பிள்ளைக்கு விசிறிக்கொண்டே என்னிடம், தான் கட்டச் சொன்னது வீட்டையா பேக்கரிப் போறணையையா என்று கேட்டாள். போறணையில் பாணாவது வரும், இதில் என்ன வரும் என்றும் கேட்டாள். வாடிக்கையாளர் கேட்டதைத்தான் கீறினேன் என்று சொல்லிவிட்டு அந்தத் தெருவால் போவதை நிறுத்தினேன்.

அந்த நாட்களில் தொண்டு நிறுவனங்கள் எங்களுக்குப் பயிற்சி நடத்தாத கிழமை இல்லை. ஒன்றில் வெளிநாட்டிலிருந்து வந்த கட்டடக் கலைஞர் அம்மா ஒருவர் படங்கள் போட்டுக் காட்டினார். பாறையைக் கட்டிப்பிடித்த வீடு, மரத்துக்கு வழி விட்டு வளைந்த கூரை, குளத்துக்குள் கால் வைத்த விறாந்தை. கட்டடம் தான் நிற்கும் நிலத்தோடும் காற்றோடும் மரத்தோடும் கதைக்க வேண்டும் என்றார். என் கட்டடங்கள் எல்லாம் கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்பி நிற்பவை. நான் கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் எங்கள் ஊர் வீடுகளின் படம் ஒன்றையும் போட்டு, இவ்வளவு அருமையான காற்று வருகிற பக்கத்தில் ஏன் ஒரு ஜன்னலும் இல்லை என்று கேட்டார். மொழிபெயர்ப்பவர் அதைத் தமிழில் சொன்னார். திருப்பி மொழிபெயர்க்க அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு புரியாணி வந்தது.

ஆனால் அந்தப் பயிற்சி எனக்குள் வேலை செய்தது, அதுதான் ஆபத்து. அரைகுறையாகக் கேட்டவனுக்கு வருகிற ஆசை முழுதாகக் கேட்டவனுக்கு வராது.

சில வருசங்கள் மனைவியின் சாச்சி வீட்டின் பின்னறையில் ஒண்டியிருந்தோம். அதற்குள் மகளுக்குக் கலியாணம் பொருந்தி வந்தது. நிந்தவூர் மாப்பிள்ளை, பள்ளிக்கூட வாத்தியார், நல்ல பிள்ளை. அடுத்த நோன்புக்கு முதல் கலியாணம், அதற்குள் வீடு முடிய வேண்டும் என்று பேச்சு. மனைவிக்கு அவளுடைய வாப்பா கொடுத்த ஒரு துண்டு நிலம் பெரிய றோட்டுக்கு வயல்பக்கமாக இருந்தது. தெருவின் கடைசி வளவு. அதற்கு மேற்கே நெல் வயல் தொடங்கிவிடும். கிழக்கு வேலியோரம் ஒரு பெரிய வேப்ப மரம். கடல் அங்கிருந்து ஒரு மைலுக்குக் குறையாது. கண்ணுக்குத் தெரியாது, சுபஹுத் தொழுகைக்கு விடியமுன் எழும்பினால் இரைச்சல் மட்டும் கேட்கும்.

கடல்தான் தெரியாதே, கிழக்கே சின்னதாக ஒரு ஜன்னல் வைத்தால் என்ன என்று மெல்ல விட்டுப் பார்த்தேன்.

"தெரியாட்டியும் அது அங்கதான் கிடக்கு," என்றாள். ஜன்னல் வைத்தால் மகளின் கலியாணத்தை வாடகை வீட்டில் முடிப்போம், இந்தப் புது வீட்டு வாசற்படியைத் தான் மிதிக்க மாட்டேன் என்றும் சொன்னாள். அவள் சும்மா சொல்கிறவள் அல்ல. வீட்டைக் கொடுக்க வேண்டியவளும் அவள்தான். உம்மா கால் வைக்காத வீட்டில் எந்த மகள் குடியேறுவாள்?

ஆகவே கிழக்கை மூடினேன். பயிற்சியில் கேட்டதை மேற்கே காட்டினேன். நடு ஹோலில் வயலைப் பார்த்து நாலு பெரிய ஜன்னல்கள், வரிசையாக. நெல்லோடு கதைக்கும் வீடு என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். எங்கள் ஊரில் ஆனி ஆடி மாதங்களில் கச்சான் காற்று வயல்பக்கமிருந்து நெருப்பாக வீசும் என்பது கோழிக்கும் தெரியும். வெயில் ஏறினால் கோழி வீட்டுக்குக் கிழக்கே போய் ஒதுங்கும். நான் கோழியைக் கலந்தாலோசிக்கவில்லை.

படத்தை ட்றேசிங் தாளில் கீறினேன். அந்த மெல்லிய தாளின் எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் கோடு தெரியும். சொந்த வீடு, யாருக்குக் காட்ட என்று அறைகளின் பெயரை எழுதவில்லை. அளவுகளைக் கொப்பித் தாள் ஒன்றில் தனியாக எழுதினேன். பிரதி எடுக்கப் போன நாளில் ஹர்த்தால், கடைகள் பூட்டு. திரும்பி வரும் வழியில் நானே படம் கீறிய ஒரு வீட்டின் முகப்பை ரசித்துக்கொண்டு சைக்கிள் மிதித்தேன். அந்த வீட்டுக்கு நானே கீறிய வடிகானுக்குள் விழுந்தேன். கால் முறிந்தது. பரியாரி பத்துப் போட்டு மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, ஒன்றரை மாதம் அசையக் கூடாது என்றார். வடிகான் ஆழம் சரியாகத்தான் இருந்தது என்பது மட்டுமே ஆறுதல்.

மேசன் பாண்டிருப்புக்காரர். என் வயதுதான், ஆனாலும் அண்ணன் முறையில் என்னைக் காக்கா என்றே கூப்பிடுவார். பல வருசமாக என் பிழைகளைச் சுவராக மாற்றித் தந்தவர். வீட்டுக்கு வந்து கட்டிலடியில் நின்று ட்றேசிங் தாளையும் கொப்பித் தாளையும் வாங்கிக்கொண்டு போனார். வழியில் இராணுவச் சோதனைச் சாவடியில் தினமும் அவருடைய பையைக் கொட்டிப் பார்ப்பார்கள். அன்றைக்கு ரசமட்டத்துக்குள் ஓடும் குமிழியை ஒரு சிப்பாய் வெகுநேரம் ஆட்டி ஆட்டிப் பார்த்துவிட்டு, தாளையும் விரித்துத் திருப்பி, சுருட்டிக் கொடுத்தானாம். இதை மேசன் பிறகு தன் வாக்குமூலத்தில் சொன்னார்.

ஒன்றரை மாதம் கழித்து, ஊன்றுகோலோடு ஓட்டோவில் போய் இறங்கினேன். சுவர்கள் ஜன்னலுக்கு மேல் வரும் லிண்டல் மட்டத்துக்கு வந்திருந்தன. நல்ல வேலை, தூக்குநூல் பிடித்ததுபோல் நேர். வாசல் தெருவைப் பார்த்தபடி சரியான இடத்தில். உள்ளே போனேன். வயல்பக்கம் மூடிய சுவர். கடல்பக்கம், வேப்ப மரத்தைப் பார்த்தபடி, நாலு பெரிய ஜன்னல் ஓட்டைகள். குசினி மற்ற மூலைக்குப் போயிருந்தது. கண்ணாடியில் பார்த்த மாதிரி என் வீடு எனக்கு முன்னால் நின்றது.

மேசன் தாளின் மறுபக்கத்தைப் பார்த்துக் கட்டியிருந்தார்.

நான் கத்தினேனா, உட்கார்ந்தேனா என்று நினைவில்லை. உட்கார்ந்திருப்பேன், கால் அப்படி. அவர் கரண்டியைக் கழுவிக்கொண்டே நிதானமாகச் சொன்னார்:

"அலை எங்க காக்கா? நீங்க அலை போடல்ல. பிறகு கக்கூஸப் பாத்தன். வடக்குத் தெக்காச் சரியா இருந்திச்சு. அப்ப சரிதானே?"

மறுபக்கம் திருப்பினாலும் வடக்குத் தெற்கு வடக்குத் தெற்குதான். அவர் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமே இல்லை. கக்கூஸைத் திசைகாட்டியாக வைத்து வீடு கட்டும் ஒரே ஊர் எங்களுடையதாக இருக்க வேண்டும். அந்தத் திசைகாட்டியில் இருந்த ஒரே குறைபாடு எனக்கு வாய்த்தது.

இடிக்கட்டா என்று கேட்டார். மேற்குச் சுவரை உடைத்துக் கிழக்கை அடைத்து, மீண்டும் லிண்டல் போட்டு, நோன்புக்கு முதல் முடியுமா? முடியாது என்பது இருவருக்கும் தெரியும். வேப்ப மரத்திலிருந்து ஒரு காற்று அந்த நாலு ஓட்டைகளாலும் உள்ளே வந்து என் வேர்வையை ஆற்றியது. மனைவியின் வாசற்படிப் பேச்சை நினைத்தேன். மீண்டும் வேர்த்தது.

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. என் வாழ்க்கையில் வந்த மோசமான யோசனைகளின் பட்டியலில் இதற்கு நல்ல இடம் உண்டு. நாலு ஓட்டைக்கும் கண்ணாடி இல்லாமல் மரக் கதவு போடுவது. உள்பக்கம் அலுமாரிக் கைபிடி வைப்பது. ஆணி அடித்து மூடிவிடுவது. மனைவிக்குச் சுவர் அலுமாரி என்று சொல்வது. வெளியே வேப்ப மரப் பக்கம் அவள் போக மாட்டாள், கடல்பக்கம் அல்லவா? கலியாணம் முடியட்டும், மற்றதைப் பிறகு பார்ப்போம்.

மேசன் இதைக் கேட்டுவிட்டு, இருபது வருசமாகக் கலியாணம் செய்து குடும்பம் நடத்துகிற ஒருவர் இப்படியும் யோசிப்பாரா என்று மட்டும் கேட்டார். பிறகு கதவைச் செய்து போட்டார்.

அந்த நாட்களில்தான் சண்டை முடிந்துவிட்டது என்று ரேடியோ சொன்னது. றோட்டில் பட்டாசு வெடித்தார்கள். மேசன் நாலு நாள் வரவில்லை. அவருடைய தங்கச்சி குடும்பத்தோடு, கடைசிச் சண்டை நடந்த வன்னியில் இருந்தாள். ஐந்தாம் நாள் வந்து, மணல் அரிக்கச் சொல்லிவிட்டுப் பூச்சு வேலையைத் தொடங்கினார். மணலை நானே அரித்தேன், ஒற்றைக் காலில், மோசமாக.

அதற்கு இரண்டு கிழமை கழித்து மனைவி முதல் முறையாக வீட்டைப் பார்க்க வந்தாள். ஒரு பேசினில் பீங்கான் தட்டுகளை அடுக்கித் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். அலுமாரி என்று நான் சொன்னதிலிருந்து அவளுக்குக் கால் தரையில் இல்லை. கலியாணம் முடித்த நாளிலிருந்து அவள் என்னிடம் கேட்ட ஒரே பொருள் சுவர் அலுமாரி. ஊருக்கெல்லாம் கீறிக் கொடுத்தேன், அவளுக்குக் கொடுக்கவில்லை. நாலு அலுமாரியையும் தடவிப் பார்த்தாள். கைபிடியை இழுத்தாள்.

பூட்டு இன்னும் வரவில்லை, கொழும்பிலிருந்து வர வேண்டும் என்றேன். அவள் கதவின் இடுக்கில் கையை வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றாள். பிறகு கையை எடுத்தாள். தட்டுகளைத் தரையில் அடுக்கினாள். தேத்தண்ணி ஊற்றி மேசனிடம் கொண்டுபோனாள். தங்கச்சியைப் பற்றிச் சேதி ஏதும் வந்ததா என்று கேட்டாள். நான் கேட்கத் துணியாததை அவள் இரண்டு வார்த்தையில் கேட்டுவிட்டாள்.

"உயிரோட இருக்காளாம். முகாமில," என்றார் மேசன்.

"அல்ஹம்துலில்லாஹ்," என்று சொல்லிவிட்டு, கிளாசைத் திருப்பி வாங்கும்வரை அங்கேயே நின்றாள்.

ஆடி மாதம் மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வந்தார்கள். நிந்தவூரிலிருந்து ஒரு வான் நிறைய. கச்சான் காற்று உச்சத்தில் இருந்தது. வயலுக்கு மேலால் புழுதியைத் தூக்கிக்கொண்டு வந்து மேற்குச் சுவரில் மோதியது. ஆண்கள் நாங்கள் விறாந்தையில், பெண்கள் உள்ளே ஹோலில். மேசன் மதிலில் ஏதோ கடைசி வேலை பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியான லுஹர் தொழுது, சாப்பிட்டு முடித்து, பேச்சுச் சூடு பிடித்த நேரத்தில் கரண்ட் நின்றது. மின்விசிறி இரண்டு சுற்றுச் சுற்றி ஓய்ந்தது.

கதவுச் சீலைக்கு இந்தப் பக்கம் இருந்தாலும் என் காது முழுக்க உள்ளேதான் இருந்தது. வளையல்கள் விசிறும் சத்தம். பிறகு மாப்பிள்ளையின் உம்மாவின் குரல், வீடு நல்ல வீடுதான், வெக்கைதான் கொஞ்சம் என்றது. எங்கள் பக்கத்தில் சம்பந்தி வீட்டார் சொல்லும் கொஞ்சத்துக்கு ஒரு மூடை எடை. தன் மகன் வெக்கை தாங்க மாட்டான், சின்ன வயதிலிருந்தே அப்படி என்று இன்னொரு கொஞ்சமும் வைத்தார். மாப்பிள்ளையின் வாப்பா என்னைப் பார்த்தார். நான் வயலைப் பார்க்க முயன்றேன். அங்கே நான் கட்ட நினைத்து அதிர்ஷ்டவசமாகக் கட்டாத ஜன்னல்கள் இருக்க வேண்டிய சுவர்தான் இருந்தது.

சீலை அசைந்தது. என் மனைவி பக்கக் கதவடிக்கு வந்து, என்னைத் தாண்டி மதில் பக்கம் பார்த்தாள்.

"மேசன், அந்தச் சுத்தியலக் கொஞ்சம் தாங்க."

மேசன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. இறங்கி வந்து கொடுத்துவிட்டு மீண்டும் மதிலில் ஏறிக்கொண்டார். பிறகு உள்ளே ஆணி பிடுங்கும் சத்தம் கேட்டது. ஒன்று. இரண்டு. நான் எழும்பவில்லை. எழும்பியிருந்தால் ஓடியிருப்பேன், கால் அதற்கு இடம் தராது. மூன்று. ஒவ்வொரு ஆணிக்கும் என் கலியாண வாழ்க்கையில் ஒரு வருசம் கழன்று விழுவதுபோல் இருந்தது. நாலாவது கதவு திறந்தபோது, கச்சான் தணிந்து பின்னேரத்தில் எழும்பும் கடல்காற்று வேப்ப மரத்தைக் கடந்து ஹோலுக்குள் வந்தது. கதவுச் சீலையைத் தூக்கி விறாந்தைக்கு வெளியே பறக்கவிட்டது. விசுக்கோத்துத் தட்டிலிருந்த கடதாசி எல்லாம் என் மடியில் வந்து விழுந்தன. மாப்பிள்ளையின் வாப்பா சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடிச் சாய்ந்தார்.

உள்ளேயிருந்து சம்பந்தியம்மா:

"இதென்ன மச்சி அலுமாரி? உள்ளுக்குக் காத்தயா வச்சிரிக்கீங்க?"

"ஓம் மச்சி," என்றாள் என் மனைவி. "மகள்ற வாப்பாட புது மாதிரி. இஞ்சினியர்தானே."

பெண்கள் சிரித்த சிரிப்பில் மேசன் மதிலிலிருந்து விழப் பார்த்தார். நானும் சிரித்தேன். உதடு மட்டும்.

வான் போனது. கலியாண நாளை உறுதியாக்கிவிட்டுத்தான் போனார்கள். நான் உள்ளே வந்தேன். அஸர் நேரத்து மேற்கு வெயில் வேப்ப மரத்தின் தலையில் மஞ்சளாக இருந்தது. அவள் இரண்டாவது ஜன்னலடியில் நின்றாள். மரம், அடுத்த வளவுக் கூரை, அதற்கு மேல் வெறும் வானம். கடல் இல்லை. ஆனால் அவள் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள், வீட்டுக்குள் நின்றுகொண்டு, இரண்டு காலையும் தரையில் வைத்துக்கொண்டு.

மன்னிப்பை எந்த இடத்திலிருந்து தொடங்குவது என்று யோசித்தேன். ட்றேசிங் தாளிலிருந்தா, வடிகானிலிருந்தா? அவளே தொடங்கிவிட்டாள். பீங்கான் கொண்டுவந்த அன்றைக்கே தெரியும் என்றாள். இடுக்கால் காற்று வந்ததாம்.

"எந்த ஊருல அலுமாரிக்குள்ள இரிந்து காத்து வாற?"

அப்படியானால் ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன். நான் எத்தனை நாளைக்குப் பொய்யை இழுப்பேன் என்று பார்த்தாளாம். கொழும்பிலிருந்து பூட்டு வருகிறது என்று நான் மூன்று தரம் சொன்னதை விரல் விட்டு எண்ணினாள். பிறகு கையை இறக்கி ஜன்னல் கட்டின் மேல் வைத்தாள்.

"அண்டைக்குக் குசினி ஜன்னலால பாத்தபடியாத்தான் தண்ணி வாறது தெரிஞ்ச. மகளையும் இழுத்துக்கிட்டு ஓடின. ராத்தாட வீட்டுல அந்தப் பக்கம் சுவர்."

அவ்வளவு காலமும் நான் அந்த ஜன்னலைக் குற்றவாளியாக வைத்திருந்தேன், அதை வைத்த என்னையும் சேர்த்து. அவள் வேறு கணக்கில் இருந்திருக்கிறாள். தெரிந்தும் ஏன் இத்தனை நாள் ஜன்னல் வேண்டாம் என்றாய் என்று கேட்டேன். பயந்த மனிசரிடம் போய் ஞாயம் கேட்கிற ஆளைப் பார் என்றாள். பிறகு, பயம் இப்போதும் இருக்கிறது, ஆனால் காற்றும் வருகிறதே என்றாள். பக்கத்தில் போய் நின்றேன். குசினிப் புகை மேற்கே, வயல்பக்கம் போய்க்கொண்டிருந்தது. என் படத்தின்படி கட்டியிருந்தால் அது ஹோலுக்குள் வந்திருக்கும்.

பிறகு எத்தனையோ பேர் அந்த மாதிரி வீடு கேட்டு வந்தார்கள். ஆழமாக யோசித்துச் செய்தது என்று சொல்லியிருக்கிறேன். மேசன் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்துத்தான்.

அன்றைக்கு அவள் அத்தோடு விடவில்லை. தரையில் அடுக்கிய பீங்கான்களைக் காட்டினாள்.

"அப்ப என்ட அலுமாரி எங்க?"

அவளே போய் மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள், உடனே எடுத்தாள். கச்சானும் பின்னேர வெயிலும் சேர்ந்து சுவர் அடுப்புக்கல்லாகக் கிடந்தது. இந்தச் சுவர் முழுக்க அலுமாரி வைக்கச் சொன்னாள். சூடு முதலில் பீங்கானுக்குப் போகட்டும், பிறகு மனிசருக்கு வரட்டும் என்றாள். கட்டடக் கலைஞர் அம்மா இரண்டு நாள் படம் போட்டுச் சொன்னதை அவள் ஒரு கையால் தொட்டுச் சொல்லி முடித்தாள், புரியாணியும் இல்லாமல்.

அடுத்த நாள் காலை மேசன் வந்தபோது அலுமாரிப் படம் ஆயத்தமாக இருந்தது. மிச்சமிருந்த ட்றேசிங் தாளில்தான் கீறியிருந்தேன். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து, முன்பக்கம் பார்த்து, பின்பக்கம் பார்த்து, இதில் எது நேர் காக்கா என்று கேட்டார். முகத்தில் சிரிப்பின் அடையாளமே இல்லை. மனைவி குசினிக் கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாளை வாங்கினேன். அவளை ஒருமுறை பார்த்தேன். கீறுங்க, என்ன பாக்கீங்க என்பதுபோல் தாடையை அசைத்தாள். வலது ஓரத்தில் மூன்று அலைக்கோடுகள் கீறினேன். வெகுநாளாகப் பழக்கமில்லாததால் மூன்றாவது கொஞ்சம் கோணல். மேசன் அலைகளை வேப்ப மரத்தின் பக்கம் பிடித்துத் தாளைத் தரையில் விரித்தார். திறந்த ஜன்னலால் வந்த காற்றில் அது பறக்காமல் மூலைக்கு ஒரு பீங்கான் தட்டை வைத்துவிட்டு, மேற்குச் சுவரில் முதல் ஆணிக்கு இடம் பார்க்கத் தொடங்கினார்.